என் பெயருக்கு எழுந்து நின்றவள்

1

நம் பள்ளிக்கூடத்துத் தலைமையம்மா ஆண்டு மலருக்கு நாலு பக்கம் எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். மலைமேல் நம் பழைய மாணவியர் சங்கத்துக்குக் கிளை தொடங்கி ஒரு வருஷம் நிறைகிறதல்லவா, அதைச் சாக்கிட்டுக் கீழே இருப்பவர்களைச் சங்கத்தில் சேரும்படி நான் உற்சாகமூட்ட வேண்டுமாம். உற்சாகமூட்டி எனக்குப் பழக்கமில்லை. பொறாமைப்பட்டுப் பழக்கம் உண்டு. இருப்பதைத்தானே கொடுக்க முடியும்?

ஆகவே நேராகவே சொல்லிவிடுகிறேன். பாலக்காட்டில் வாழ்க்கைப்பட்ட அக்கா தங்கைகளே, உங்களை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. பள்ளிக்கூடத்து மணி காதில் விழும் தூரத்தில் உங்களில் எத்தனையோ பேருக்கு வீடு. சங்கக் கூட்டம் என்றால் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினால் போதும், தலைமையம்மா பேச ஆரம்பிப்பதற்குள் போய் உட்கார்ந்துவிடலாம். ஆனால் பெஞ்சைத் துடைத்துப் போட்டுவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் மிச்சம் என்று தலைமையம்மா எழுதியிருக்கிறார்கள். ஒருத்தி முறுக்கு மாவு பிசைந்தாளாம். இன்னொருத்தி, "அடுத்த தடவை பார்க்கலாம்" என்று சொல்லியனுப்பினாளாம்.

எனக்கு அடுத்த தடவை என்பது எப்படி இருக்கும் என்று கேளுங்கள். எஸ்டேட்டிலிருந்து மூணாறு வரை தேயிலைப் பெட்டிகளுக்கு நடுவில் லாரியில் வர வேண்டும். அதுவும் டிரைவருக்கு மனசு இருந்தால். அங்கிருந்து மலை விளிம்பு. விளிம்பிலிருந்து கீழே கம்பி கட்டியிருக்கிறார்கள். தேயிலைப் பெட்டி அந்தக் கம்பியில் தொங்கிக்கொண்டு ஒய்யாரமாக இறங்கிப் போகும். மனுஷர்களுக்குக் கம்பி கிடையாது. நாங்கள் முழங்கால் நடுங்க நடந்து இறங்கி, எல்லைச் சுங்கச் சவுக்கையில் மூட்டையை அவிழ்த்துக் காட்டி, ஏலக்காய் ஒளித்து வைத்திருக்கவில்லை என்று சத்தியம் செய்து, போடியில் ரயிலைப் பிடித்து, மாறி மாறி ஏறி ஊர் வந்து சேர வேண்டும். நான் வந்து சேரும்போது உங்கள் கூட்டம் முடிந்து விளக்குக்கூட அணைத்திருப்பார்கள். தேயிலைப் பெட்டியைப் பார்த்துப் பொறாமைப்பட்ட பெண்பிள்ளை நம் பள்ளியிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

2

வேலந்தாவளத்துக்குக் கிழக்கே என் அப்பாவின் தோட்டம். கல்யாணம் பேசும்போது மாப்பிள்ளைக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை என்றார்கள், மலைமேல் குளிர் இருக்கும் என்றார்கள். அது வேறொரு ராஜ்யம் என்று யாரும் சொல்லவில்லை. வந்த பிறகுதான் தெரிந்தது. ராஜா வேறு, காசு வேறு, காகிதத்தில் போடும் வருஷம்கூட வேறு. கடிதம் கொண்டுவர பிரிட்டிஷ் தபால் ஒன்று, திருவிதாங்கூர் அஞ்சல் ஒன்று என்று இரண்டு இருக்கின்றன. வந்த புதிதில் அம்மாவின் கடிதத்தை அஞ்சலில் தேடித் தேடி அழுவேன், அது தபாலில் கிடக்கும்.

என் மகள் சரசு பிறந்ததைப் பதியப் போனபோது நடந்ததைச் சொல்கிறேன். அங்கிருந்த மலையாளத்துக் குமாஸ்தா மூக்குக் கண்ணாடியை உயர்த்திக்கொண்டு, "வீட்டுப்பேரு எந்தா?" என்றார். மலையாளத்துக்காரர்களுக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் பெயர் உண்டு. நமக்கு ஏது? "ஊட்டுக்கெல்லாம் பேரு வெக்கறதில்லீங்க, மாட்டுக்குத்தானுங்க வெப்போம்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. வேலந்தாவளம் என்பதையே வீட்டுப் பெயராகப் போட்டுக்கொண்டார். அம்மாவின் பெயர் எழுத வேண்டிய இடத்தில், நான் வாயைத் திறப்பதற்குள், டீமேக்கருடைய பாரியை என்று எழுதி மையொற்றிவிட்டார்.

அவரைக் குறை சொல்லி என்ன? எஸ்டேட்டே அப்படித்தான் கூப்பிடுகிறது. இங்கே பெண்களுக்குப் பெயர் கிடையாது. புருஷனின் உத்தியோகம்தான் பெயர். ஆபீஸ் கிளார்க்கின் மனைவி கிளார்க்கம்மா. ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுபவரின் மனைவி டிரஸ்ஸரம்மா. தொழிற்சாலையில் தேயிலை பக்குவம் பார்ப்பவர் டீமேக்கர், ஆகவே நான் டீமேக்கரம்மா. தேயிலையைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை, ஆனாலும் டீமேக்கரம்மா. வீடுகளும் உத்தியோகப்படி மேலும் கீழுமாகச் சரிவில் நிற்கின்றன. மேல் வீட்டுப் பெண் கீழ் வீட்டுக்குப் போவதில்லை. கீழே இருப்பவர்கள்தான் மேலே வருவார்கள், வந்தால் படிக்குக் கீழே நின்று பேசுவார்கள். எங்கள் வீடு நல்ல உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்கள், அவற்றின் ஓரத்தில் லயத்துப் பள்ளிக்கூடம், அதன் முன்னே மணியாக அடிக்கக் கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு எல்லாம் தெரியும். பேச ஆள் மட்டும் இருக்காது.

நாச்சம்மாள் என்று என்னைக் கடைசியாக யார் கூப்பிட்டது என்று ஒரு மழைநாளில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். அம்மாவாகத்தான் இருக்கும். வீட்டுக்காரருக்கு நான் 'புள்ள'. சரசுவுக்கு அம்மா.

3

இந்த மலையில் ஒரே ஒருத்தியைத்தான் எல்லோரும் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். செல்லத்தாயி டீச்சர்.

என் வகுப்பில் படித்தவர்களுக்கு அவளை நினைவிருக்கும். ஒரு கங்காணி தன் மகளைப் படிக்கவைத்தே தீருவது என்று மலையிலிருந்து உடுமலைப்பேட்டை வழியாக வண்டி கட்டிக் கொண்டுவந்து போர்டிங்கில் விட்டாரே, அந்தப் பெண். பாலக்காட்டு வெயிலில் கம்பளியோடு வந்து இறங்கினாள். அவள் பேச்சைக் கேட்டு நாம் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அவளைப் பார்க்க யாரும் வரமாட்டார்கள். எனக்கோ, வேலந்தாவளம் மாட்டுச் சந்தை முடிந்த மறுநாள் அப்பா வண்டி நிறையக் கொண்டுவருவார். நிலக்கடலை, கெட்டித் தயிர், எள்ளுருண்டை. போர்டிங்கே என்னைச் சுற்றி நிற்கும். நான் ராணி மாதிரி நடுவில் உட்கார்ந்து பங்கு வைப்பேன். செல்லத்தாயி ஒரு நாளும் கேட்டு வாங்கியதில்லை. கொடுத்தால் வாங்கிக்கொள்வாள், "எங்க மலையில நெல்லிக்காய் இத விடப் பெருசா இருக்கும்" என்பாள். எள்ளுருண்டையைத் தின்றுகொண்டே நெல்லிக்காய்ப் பெருமை!

அவள் இரண்டு வருஷத்துக்கு முன் வேறு எஸ்டேட்டிலிருந்து மாற்றலாகி எங்கள் லயத்துப் பள்ளிக்கு வந்தாள். வந்த வாரமே என்னைப் பார்க்க மேலே வந்தாள். இங்கத்திய வழக்கப்படி படிக்குக் கீழே நின்றாள், நான் படிக்கு மேலே நின்றேன். இருவரும் சௌக்கியம் விசாரித்தோம். என்ன பேசினோம் என்பது நினைவில்லை, அந்தப் படிதான் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு அவள் மேலே வரவில்லை.

வராவிட்டால் போகட்டும் என்று இருக்க முடிந்ததா? இல்லை. ஏனென்றால் எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் அவள் வீட்டு வாசல் தெரியும். பொங்கலா, அந்த வாசலில் கரும்பு குவியும். அவளுக்குக் காய்ச்சலா, லயமே கஷாயம் வைத்துக்கொண்டு ஓடும். மாமன் மகன் வருவான், சித்தி வருவாள், யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். வண்டி நிறையப் பலகாரம் வந்த காலத்தில் என் வாசல் எப்படி இருந்ததோ அப்படி இருக்கிறது அவள் வாசல். அவளுக்கு இது ஊர். எனக்கு இது உத்தியோகம். அதுவும் என் உத்தியோகமா என்றால், இல்லை, வீட்டுக்காரருடையது.

இதைக்கூடப் பொறுத்திருப்பேன். சரசுவை என்ன சொல்வது! மேல் வீட்டுப் பிள்ளைகளுக்கும் வேறு பள்ளி கிடையாது, அவளும் லயத்துப் பள்ளிக்குத்தான் போகிறாள். டீச்சர் வந்து ஆறு மாதம் ஆவதற்குள் அவளை மாதிரியே தலையைச் சாய்த்துக் கேட்கிறாள், டீச்சர் மாதிரியே பின்னலை முன்னால் போட்டுக்கொள்கிறாள். 'அவுக', 'இவுக' என்கிறாள். மகாராஜா வாழ்த்தை மலையாளத்தில் பாடுகிறாள். என் பேச்சுத்தான் அவள் வாயில் ஒட்டவே இல்லை. ஒரு நாள், "ஊட்டுக்குள்ள வா கண்ணு" என்றேன். "வீடுன்னு சொல்லுங்கம்மா, டீச்சர் அப்படித்தான் சொல்லுவாக" என்றாள். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

4

சங்கம் வந்தது இப்படி. பழைய மாணவியர் ஐந்து பேர் ஓரிடத்தில் சேர்ந்தால் கிளை வைத்துக்கொள்ளலாம், அவர்கள் பெயர் ஆண்டு மலரில் வரும் என்று தலைமையம்மா ஊர் ஊராக எழுதினார்கள். செல்லத்தாயி மலை முழுக்கத் தேடி மூன்று பேரைப் பிடித்துவிட்டாள். பஜாரில் போஸ்டுமாஸ்டரின் மனைவி, கல்பாத்தி விசாலம். அதே பஜாரில் ஜவுளிக்கடை மருமகள். எங்கள் டிரஸ்ஸரம்மா. செல்லத்தாயியோடு நாலு. ஐந்தாவது ஆள் நான்தான். என்னை விட்டால் நாதியில்லை.

எஸ்டேட்டில் நாலு பேர் கூடினாலும் துரையின் அனுமதி வேண்டும். சங்கம் என்ற வார்த்தையைக் கேட்டதும் பெரிய கிளார்க்குக்குத் தூக்கிவாரிப்போட்டதாம். "சங்கமா? கூலிகளச் சேர்த்துக்கிட்டுக் கூலி ஒசத்திக் கேக்கவா?" என்றாராம். செல்லத்தாயி அசரவில்லை. "இல்லீங்கய்யா, அஞ்சு பொம்பளைக மாசத்துல ஒரு நாயித்துக்கெழம உக்காந்து டீ குடிக்கப் போறோம். வேற ஒண்ணுமில்ல" என்றிருக்கிறாள். தேயிலைத் தோட்டத்தில் டீ குடிக்கக் கூடாது என்று எந்தத் துரை சொல்வான்? கையெழுத்தாகிவிட்டது.

வீட்டுக்காரர் இதைச் சாப்பாட்டின்போது சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "கெட்டிக்காரிதான் அந்த டீச்சரு" என்று வேறு முடித்தார். அன்றைக்கு ரசத்தில் நான் உப்புப் போடவில்லை. மறதி என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மறுநாள் சரசு வந்து நின்றாள். "அம்மா, நாயித்துக்கெழம உங்களச் சங்கத்துக்கு வரச் சொன்னாக டீச்சர். தம்ளர் மட்டும் நம்மதக் கொண்டாரணுமாம்."

தம்ளர் விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். போர்டிங்கில் அவரவர் தட்டு அவரவருக்கு, ஒருத்தி தம்ளரில் இன்னொருத்தி வாய் வைக்கமாட்டோம். இங்கேயும் கூடியவர்கள் நாலு வீட்டு நாலு ஜாதி. விசாலம் தனக்கு மட்டும் டீயையே தன் வீட்டில் போட்டுக் கூஜாவில் கொண்டுவருவாள். தம்ளர் இல்லாமல் போனால் தொண்டை காய உட்கார்ந்திருக்க வேண்டியதுதான், யாரும் யாருக்கும் இரவல் தரமாட்டார்கள். அதில் எனக்குக் கோபமில்லை. கூப்பிட்ட விதத்தில்தான் கோபம்.

"இதென்ன கூப்படற லட்சணம்? சின்னப் புள்ளகிட்டச் சொல்லியுடறதா? எங்கூர்ல ஒரு நல்லது பொல்லாததுன்னா ஊடு தேடி வந்து, வெத்தல பாக்கு வெச்சுக் கூப்படோணும். தெரியுமா உனக்கு?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்? உங்க ஊர நான் பாத்ததே இல்லியே" என்றாள் சரசு.

உங்க ஊர்! நான் பெற்ற பெண் சொல்கிறாள். போகவே கூடாது என்று அந்த நிமிஷமே முடிவு செய்தேன். ஐந்தாவது ஆள் இல்லாமல் செல்லத்தாயி எப்படி மலரில் பெயர் போடுகிறாள் பார்ப்போம், வேண்டுமென்றால் படியேறி வரட்டும் என்று காத்திருந்தேன். அவள் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு லயத்துப் பள்ளியின் தண்டவாளத் துண்டு அடிப்பது மட்டும் கேட்டது. வாரநாளில் வேலைக்கு ஆள் கூப்பிட அடிக்கும் அடி வேறு. இது நம் பள்ளிக்கூடத்து மணி. மூன்று அடி, ஒரு நிறுத்தம், ஒரு அடி. ஜன்னலைச் சாத்தினேன். அடுத்த மாதமும் அடித்தது. அடுத்த மாதமும்.

5

கல்யாணச் சீரில் எனக்கு ஆறு பித்தளைத் தம்ளர் கொடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் புள்ளி புள்ளியாக வே. நாச்சம்மாள் என்று பெயர் வெட்டியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அலமாரியில் ஐந்துதான் இருந்தன. சாயங்காலம் பார்த்தால் ஆறாவதும் கழுவிக் கவிழ்த்து இருந்தது. எனக்குத்தான் கண் அவிந்துவிட்டதோ என்று நினைத்தேன். அடுத்த மாதமும் அதே கதை நடந்தபோது தண்ணீர் கொண்டுவரும் பெண்மேல் சந்தேகப்பட்டேன். அதற்கு அடுத்த மாதம் பின்கட்டில் ஒளிந்து நின்று பார்த்தேன். விளையாடப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன சரசு, பாவாடை மடிப்பில் தம்ளரைச் சுற்றிக்கொண்டு சரிவில் இறங்கி ஓடினாள். அவள் பள்ளி வாசலை எட்டும்போது மணி அடித்தது.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பேச்சைப் பறித்தாள், பின்னலைப் பறித்தாள், இப்போது என் பிறந்த வீட்டுத் தம்ளரில் என் பெண்ணுக்கு டீ ஊற்றிக் கொடுக்கிறாளா? குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். டீமேக்கரம்மா கீழே இறங்கக் கூடாது என்பதெல்லாம் அப்போது நினைவே இல்லை. சாரல் நாள். பாதி வழியில் காற்று குடையைப் பூவாக விரித்துக் கம்பிகளை முறித்துப் போட்டது. விறகுச் சுமையோடு எதிரே வந்த லயத்துப் பெண் நின்றாள். கொங்காணி என்று தலையிலிருந்து முதுகுவரை போட்டுக்கொள்வார்களே, மடித்த கம்பளி, அதைக் கழற்றி நீட்டினாள்.

"இந்தக் காத்துக்குக் கொடையெல்லாம் நிக்காதும்மா. இதப் போட்டுக்கிட்டுப் போங்க, நாளைக்கிக் குடுத்தாப் போதும்."

மேல் வீட்டுப் பெண்கள் யாரும் கொங்காணி போடமாட்டார்கள். நான் போட்டுக்கொண்டேன். அப்படியே போய்ப் பள்ளி வாசலில், கதவோரமாக நின்றேன்.

உள்ளே மேஜைமேல் தம்ளர்கள் வரிசையாக இருந்தன. ஐந்து. கடைசியில் என்னுடையது. பெஞ்சில் விசாலம், ஜவுளிக்கடை மருமகள், டிரஸ்ஸரம்மா, அவர்கள் பக்கத்தில் கால் தரையில் எட்டாமல் சரசு. செல்லத்தாயி எழுந்து நின்று ஆஜர் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள், நம் பள்ளியில் கூப்பிடுவார்களே, ஊர்ப் பெயரும் சேர்த்து நீட்டி முழக்கி, அதேபோல.

"கல்பாத்தி விசாலம்."

"உள்ளேன் அம்மா."

மற்ற இருவரும் சொன்னார்கள். பிறகு அவள் குரலைக் கொஞ்சம் உயர்த்தினாள்.

"வேலந்தாவளம் நாச்சம்மாள்."

எத்தனை வருஷம் ஆயிற்று அதைக் கேட்டு! காதில் விழுந்ததும் என் முதுகு தானாக நிமிர்ந்தது. அதற்குள் பெஞ்சிலிருந்து குதித்து இறங்கி, கையைக் கட்டிக்கொண்டு, "உள்ளேன் அம்மா" என்றாள் சரசு.

நீங்கள் என்ன நினைப்பீர்களோ, எனக்குத் தெரியாது. பெற்ற பெண்மேல் ஒரு தாய் பொறாமைப்பட முடியுமா என்று கேட்டால், முடியும். செல்லத்தாயிமேல் இத்தனை நாள் இருந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. என் பெயர். மலையேறி வந்தபின் ஒருவரும் எனக்குத் தராத பெயர். அதற்கு இன்னொருத்தி எழுந்து நிற்கிறாள், அவளுக்கு அது எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது!

"உள்ளேன் அம்மா!" என்று வாசலிலிருந்து கத்தினேன். கத்தியே விட்டேன்.

எல்லோரும் திரும்பினார்கள். கொங்காணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. விசாலத்துக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "ஐயோ, நாச்சம்மாவா! ஒரு பேருக்கு ரெண்டு பேர்னா ஆஜராயிருக்கா! உள்ளே வாடீ, நனைஞ்சுண்டு நிக்காதே."

செல்லத்தாயி சிரிக்கவில்லை. வகுப்பில் இருக்கும் அதே முகத்தோடு, "ரெண்டு பேருல ஒருத்தர் உக்காரலாம்" என்றாள்.

சரசு என்னைப் பார்த்தாள். அடி விழும் என்று நினைத்திருப்பாள். பிறகு என்ன தோன்றியதோ, பெஞ்சுப் பக்கம் திரும்பி, தான் இருந்த இடத்தைப் பாவாடையால் துடைத்துவிட்டு, சுவரோரமாகப் போய் நின்றுகொண்டாள். நான் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் கோபப்பட வந்தது நினைவுக்கு வந்தது.

"எத்தன நாளா நடக்குது இந்தக் கூத்து?"

"மொதல் கூட்டத்துல இருந்து" என்றாள் செல்லத்தாயி. "அம்மாவுக்குச் சோலி இருக்கு, என்னய அனுப்பினாகன்னு தம்ளரோட வந்து நின்னா. பொய்யின்னு தெரியும். ஆனா பேரக் கூப்பிடாம விட்டா அந்த எடம் காலியால்ல கெடக்கும்? பிள்ளையாவது நிக்கட்டும்னு விட்டுட்டேன். மலருக்குப் பேரு அனுப்பல, நாச்சி. அதுல பொய் எழுத மாட்டேன். நீ வர்ற வரைக்கும் வச்சிருக்கேன்."

"ஊடு தேடி வந்து ஒரு வார்த்த கூப்பிட்டா என்ன கொறஞ்சா போயிருவே?"

"நம்ம பள்ளிக்கூடத்துல யாரு வந்து யாரக் கூப்பிட்டா? மணியடிச்சா வந்தோம். அதான் மாசாமாசம் நானே நின்னு அடிச்சேன், ஒனக்குக் கேக்கட்டும்னு. கேக்கலியா?"

என் தம்ளரில் டீ ஊற்றினார்கள். யார் போட்ட டீ என்று நான் கேட்கவில்லை. தூள் மட்டமான ரகம் என்பது மட்டும் ஒரு வாயில் தெரிந்துவிட்டது. டீமேக்கர் வீட்டுக்காரிக்கு அதுகூடத் தெரியாதா? அடுத்த கூட்டத்துக்கு நல்ல தூள் நான் கொண்டுவருகிறேன் என்று உடனே சொன்னேன். தூள் செல்லத்தாயி வாங்கியது போலிருக்கிறது, அவள் முகம் ஒரு கணம் சுருங்கியது. அந்த ஒரு கணத்துக்காகவே அத்தனை மழையில் நனையலாம்.

திரும்பி ஏறும்போது சரசு கொஞ்சம் தள்ளியே நடந்தாள். பாதி மேட்டில் என் பக்கத்தில் வந்தாள்.

"அம்மா, உங்க பேரு நல்லா இருக்கும்மா. யாராவது சத்தமாக் கூப்பிட்டா இன்னும் நல்லா இருக்கு. அதான் எனக்கு அங்க போகப் புடிச்சுது."

"அது என்ர பேரு கண்ணு" என்றேன். "உனக்குன்னு ஒண்ணு வெச்சிருக்கறனல்ல?"

6

இப்படித்தான் ஐந்து பேர் ஆனோம், எங்கள் பெயர்களும் மலருக்குப் போயின. ஒரு வருஷம் ஓடிவிட்டது. பொறாமை போய்விட்டதா என்று கேட்பீர்கள். எங்கே போகும்? சங்கத்துக்குத் தலைவி செல்லத்தாயி. நான் காரியதரிசி. நோட்டீஸ் எழுதுவது நான், பெஞ்சு போட ஆள் பிடிப்பது நான், பெரிய கிளார்க்கிடம் மாதாமாதம் கேட்டு நிற்பது நான். வரும் பெண்களோ, "டீச்சரால்தான் இதெல்லாம்" என்கிறார்கள். போன தேர்தலில் அவளுக்கு மூன்று கை உயர்ந்தது, எனக்கு இரண்டு. என்னுடையதையும் சேர்த்துத்தான் இரண்டு. இன்னொன்று யாருடையது என்று கேட்கிறீர்களா? அவளுடையது. தனக்குப் போட்டுக்கொள்ளாமல் எனக்குப் போட்டாள். தோற்றதைவிட அதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

ஆகவே, ஏலப்பாறைப் பக்கமோ வேறு எந்த மலைக்கோ வாழ்க்கைப்பட்டுப் போன நம் பள்ளிப் பெண்கள் யாராவது இதைப் படித்தால், உடனே எனக்கு எழுதுங்கள். உங்களுக்கு அங்கே என்ன பெயர்? கிளார்க்கம்மாவா, கடைக்காரம்மாவா? இங்கே வந்தால் ஊர்ப் பெயரோடு சேர்த்து உங்கள் பெயரை நீட்டி முழக்கிக் கூப்பிட ஏற்பாடு செய்கிறேன். பதிலுக்கு அடுத்த தேர்தலில் எனக்குக் கை தூக்கினால் போதும். தம்ளர் மறக்காதீர்கள்.

கீழே இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வரும் ஜூனில் சரசு நம் பள்ளிக்கூடத்துப் போர்டிங்கில் சேர்கிறாள். செல்லத்தாயி அவளுக்குக் கம்பளி ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறாள். தெரிந்ததும் நான் இரண்டு வாங்கிவிட்டேன். பாலக்காட்டு வெயிலில் அந்தப் பெண் மூன்று கம்பளியை வைத்துக்கொண்டு என்ன செய்யும் என்று வீட்டுக்காரர் கேட்கிறார். என் தம்ளரைக் கொண்டுபோகிறேன் என்று சரசு கேட்டாள். தரமாட்டேன் என்றுவிட்டேன். அவள் பெயர் வெட்டிய புதுத் தம்ளர் பஜாரில் தயாராகிக்கொண்டிருக்கிறது. என்னுடையதைக் கொடுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை நான் எதில் குடிப்பதாம்?

அவள் இனி அந்த மணிச் சத்தத்தில் எழுந்திருப்பாள். அவளைப் பார்க்க நான் மலை இறங்கி வர எத்தனை மாதம் ஆகுமோ. நீங்களோ அந்தத் தெருவிலேயே இருக்கிறீர்கள். சங்கக் கூட்டத்துக்குப் போகும்போதெல்லாம் அவள் ஓடுவதையும் ஆடுவதையும் பார்க்கலாம். நினைக்கும்போதே எனக்கு ஆற்றமாட்டாமல் வருகிறது. ஆனாலும் போங்கள். போய்ப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அடுத்த கூட்டத்திலும் மாவு பிசைந்துகொண்டு வீட்டிலேயே இருக்கலாம் என்று நினைக்கிறீர்களா? இருங்கள், எனக்கென்ன. உங்கள் பெஞ்சு காலியாகக் கிடக்காது. சரசு அங்கேதான் இருப்பாள். உங்கள் ஊரைச் சேர்த்து உங்கள் பெயரை அவர்கள் கூப்பிடும்போது, பெஞ்சிலிருந்து குதித்து இறங்கி, கையைக் கட்டிக்கொண்டு, உள்ளேன் அம்மா என்று சொல்லிவிடுவாள். நன்றாகவே சொல்வாள். உங்களால் அதைப் பொறுத்துக்கொள்ள முடிகிறதா பார்ப்போம். எனக்கு முடியவில்லை.